ஆற்றின் கணக்கும் கண்டிராக்டரின் கணக்கும்

2018 ஆகஸ்டு 22-ம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு போயின. அதற்குச் சில நாட்கள் முன்புதான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. பழைய கட்டடங்கள், பெரிய வெள்ளம் என்று சமாதானம் சொல்லப்பட்டது. கட்டடங்களுக்கு வயதானது உண்மையே. ஆனால் அவற்றின் காலடி மணல் எங்கே போயிற்று என்று நாம் கேட்கிறோம்.

ஓடும் நீர் சும்மா ஓடுவதில்லை, வேலை செய்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது அதற்குச் சக்தி பிறக்கிறது. பெரும் பகுதி உராய்விலும் சுழலிலும் கழிகிறது. மிச்சத்தைக் கொண்டு ஆறு மண்ணையும் மணலையும் சுமக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நீரின் சக்தி நான்கு மடங்காகிறது. அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ ஏறக்குறைய 64 மடங்காகிறது. ஆகவேதான் ஆண்டெல்லாம் சாதுவாகக் கிடக்கும் ஆறு, நாலு நாள் வெள்ளத்தில் தன் உருவத்தையே மாற்றிக்கொள்கிறது. சக்திக்கு ஏற்ற சுமை இருந்தால் படுகை நிலைக்கும். சுமை குறைந்தால், மிஞ்சிய சக்தி படுகையையும் கரையையும் தோண்டும். இதுதான் ஆற்றின் கணக்கு.

காவிரி விவசாயிக்கு இது புதிதல்ல. முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளில் கொள்ளிடமே கடலுக்குக் குறுக்கு வழி; சரிவும் அதிகம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரெல்லாம் அதன் பக்கம் இழுபட, காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டது. 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். கம்பெனி சர்க்காரின் கண் கிஸ்தி மீதுதான். ஆயினும் ஆற்றின் போக்கை அறிந்து கட்டிய அணை தலைமுறை தலைமுறையாகத் தஞ்சைக்குச் சோறு போட்டது.

1934 முதல் மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்துகிறது. வரவு குறைந்த ஆற்றில் செலவைக் குறைக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. பொக்லைன்கள் படுகையில் இறங்கின. 2003-ல் மணல் குவாரிகளைச் சர்க்காரே ஏற்றது; ஆனால் அள்ளுவதும் ஏற்றுவதும் கண்டிராக்டர்கள் கைக்கே போயின.

ஆற்றில் தோண்டிய குழி அந்த இடத்தோடு நிற்பதில்லை. குழியின் மேல்விளிம்பில் சரிவு கூடி, வேகம் கூடி, விளிம்பு அரிக்கப்பட்டுப் பள்ளம் மேல்நோக்கி நகர்கிறது. குழியில் மணலை இறக்கிவிட்டுச் சுமையின்றிப் புறப்படும் நீரோ, கீழ்ப்படுகையை அரிக்கிறது. இடையில் அகப்பட்ட பாலமும் அணையும் காலிழக்கின்றன. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது. வாய்க்கால் தலைப்புகள் ஆற்றுமட்டத்துக்கு மேலே நின்று வறள்கின்றன.

லாபம் சிலருக்கு, நஷ்டம் ஜனங்களுக்கு! முக்கொம்பின் புதிய கதவணைக்கு மட்டும் சுமார் 387 கோடி ரூபாய் பொதுப்பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு காசாவது மணலில் கொழுத்தவர்களிடம் வசூலிக்கப்பட்டதா?

வீடு கட்ட மணல் வேண்டாமா, கட்டடத் தொழிலாளிக்கு வேலை வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். அதனால்தான் ஆண்டுதோறும் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு மேல் ஒரு வண்டி மணலும் எடுக்கக் கூடாது என்கிறோம். அந்த அளவைக் கணக்கிட்டு ஊரறிய வெளியிட வேண்டும். பாலம், அணை அருகே இயந்திரம் இறங்கக் கூடாது. மேற்பார்வை விவசாயிகளும் தொழிலாளிகளும் கொண்ட கிராமக் கமிட்டிகளிடம் இருக்க வேண்டும். மிச்சத் தேவைக்குக் கல் நொறுக்கிய மணலை நியாய விலையில் சர்க்கார் வழங்க வேண்டும்.

கண்டிராக்டரின் கணக்கில் புரட்டு இருக்கலாம். ஆற்றின் கணக்கில் புரட்டு இல்லை. அது வெள்ளத்தன்று வசூலுக்கு வரும். அன்று பணம் கட்டுவது ஏழை ஜனங்களாக இருக்கக் கூடாது. அதற்காகக் கரையோரக் கிராமங்கள் இன்றே ஒன்றுபட்டு நிற்க வேண்டும்!