வண்டிக் கொட்டகையில் பூசணம்



கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர் இல்லங்களைச் சந்திக்கும் வழக்கப்படி, சென்ற ஆண்டு சீயமங்கலத்தில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து எடுப்பித்த குகைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள சீமை முழுவதையும் போலவே அங்கும் எங்கு திரும்பினாலும் கல்தான். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மகன் கார் வாங்கியபோது, வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டி ஒரு கொட்டகை எழுப்பினார்கள். மூன்று பக்கமும் செங்கற்சுவர், மேலே தகரம், முன்னால் இரும்பு ஷட்டர். மகன் வெளியூரில் வேலை பார்ப்பதால் கார் மாதத்தில் இரண்டு நாள்தான் அங்கே நிற்கும். மீதி நாள்களில் அது வீட்டின் கிடங்கு. மணிலா மூட்டைகள், பாட்டி காலத்து மரப்பெட்டி, பேரப்பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்கள், சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை யாவும் அங்கேதான்.

ஷட்டரைத் தூக்கியதுமே வாடை மூக்கில் அடித்தது. சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பச்சையும் கருமையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. மரப்பெட்டியின் மேல் திருநீறு தூவியது போல வெண்மை. “பண்டிகைக்குள் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், சாமி. எல்லாம் சரியாகிவிடும்” என்றார் ஆசிரியர். நான் சிரித்தேன். வெள்ளையடித்த கல்லறையைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்; அவரும் சிரித்துவிட்டார். அவருடைய துணைவியார் மட்டும் சிரிக்கவில்லை. “சுவர் கெடக்குது சாமி, இந்த மல்லாட்டையைப் பாருங்க” என்று மூட்டைகளைக் காட்டினார். ஐப்பசியில் பிடுங்கிய காயிலிருந்து மார்கழி விதைப்புக்கென்று ஒதுக்கி வைத்த ஆறு மூட்டைகள். அடியில் கிடந்த இரண்டின் சாக்கு நனைந்து கறுத்திருந்தது.

பூசணம் பிடித்த வீட்டைப் பார்வையிடுவது ஒரு காலத்தில் குருவின் கடமையாகவே இருந்தது என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த தடங்கள் தோன்றினால் வீட்டுக்காரர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும். குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு பார்வையிட்டு, வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, ஏழாம் நாள் மீண்டும் வந்து பார்க்க வேண்டும். தடம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்து, புதிதாகப் பூச வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும். குருமடத்தில் இப்பகுதியை நாங்கள் சற்றுக் கொட்டாவியோடுதான் படித்தோம். இன்று அதிலுள்ள ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதலில் பொருள், பிறகு பார்வை, பிறகு காத்திருத்தல், அதன் பிறகே சுரண்டலும் பூச்சும். பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லுவது அந்த வரிசையில் கடைசி வேலை.

பூசணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. காற்றில் எங்கும் மிதப்பவை. எவ்வளவு துடைத்தாலும் அவற்றை ஒரு வீட்டிலிருந்து அகற்றிவிட முடியாது. மரம், காகிதம், துணி, தோல், தூசு என்று அவற்றுக்கு உணவும் எங்கும் உண்டு. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, ஈரம். நனைந்த பொருளை ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள், உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பூப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே இருக்கும் அறையிலும் அது தலையெடுப்பது அரிது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு அது பெருஞ்செலவன்று.

ஆகவே கொட்டகையில் பூசணம் கண்டவர்கள் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதே. மேலிருந்து ஒழுகினால் கண்ணால் காணலாம். ஆணித் துளையை அடைத்துவிட்டால் தீர்ந்தது. கீழிருந்து வருவதுதான் வஞ்சகமானது. சிமெண்டுத் தளம் கல்லைப் போல் கெட்டியாகத் தோன்றினாலும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். செங்கற்சுவரும் அப்படியே. ஆசிரியர் வீட்டில் முழ உயரத்துக்கு மட்டும் பச்சை படர்ந்திருந்ததன் காரணம் அதுதான் என்று ஐயுற்றேன். அன்றியும், வீட்டுக் கூரையின் மழைநீர் முழுவதும் கொட்டகைச் சுவரின் காலடியிலேயே விழுந்து தேங்குவதைக் கண்டேன். அந்த வடபுறத்தில் மார்கழி வெயில் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு முழ அகலமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விட்டு வையுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. தாளின் மேற்புறம் வியர்த்திருந்தால் அது காற்றிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. தரையிலிருந்து வருவதானால், வெளியே சுவரோரத்து மண்ணை நிரவி, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுக்க வேண்டும். கூரை நீரைக் குழாய் வைத்து அப்பால் தள்ள வேண்டும். உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் இதைச் செய்யாதவரை அந்தப் பூச்சு உரிந்துதான் விழும். புதிதாகக் கொட்டகை கட்டுவோர், தளம் போடுமுன் கெட்டியான பாலிதீன் விரிப்பு ஒன்றை அடியில் போடச் சொல்லிக் கொத்தனாரிடம் வற்புறுத்துங்கள். அவர் வேண்டாம் என்பார். விட்டுவிடாதீர்கள்.

காற்றிலிருந்து வரும் ஈரத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. மழைக்காலத்தில் ஷட்டரை இறுக மூடி வைத்தால் ஈரம் உள்ளே வராது என்று நினைக்கிறோம். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை என்பதை மறந்துவிடுகிறோம். மழையில் நனைந்து வந்த காரை அப்படியே உள்ளே விட்டு மூடினால், அதன் சக்கரத்திலிருந்தும் அடிப்பாகத்திலிருந்தும் வடியும் நீர் முழுவதும் அந்தச் சிறு அறைக்குள் ஆவியாகும். இரவில் தகரம் குளிர்ந்ததும் அவ்வாவி பனித்துளியாகி, விடியற்காலையில் மூட்டைகள் மீது சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளை அழைத்துத் துளை தேடியவர்களை நான் அறிவேன், துளையே இருக்காது. வண்டியை வெளியில் நிறுத்தி நீர் வடிந்த பின்னர் உள்ளே விடுவதும், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றில் தாழவும் மற்றொன்றில் கூரையை ஒட்டியும் துளைக்கல் பதிப்பதும் இதற்குப் பரிகாரம். மழையில்லாத நாளில் முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் பொழுதில், ஷட்டரைத் திறந்து வையுங்கள். அதிகாலைப் பனியில் திறந்து வைப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொட்டகை சூடேறி உலரட்டும் என்று மூடிய ஷட்டருக்குள் கார் எஞ்சினை ஓட விடுவோர் இருக்கின்றனர். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். ஒருபோதும் செய்யாதீர்கள். சாம்பிராணி போடுவதால் வாடை சிறிது நேரம் மறையும், அவ்வளவுதான். மூலையில் கரி மூட்டை வைப்பது ஒரு பீரோவுக்கு ஓரளவு உதவலாம். கொட்டகைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிறர் வீட்டுக் குறையை எழுதும்போது என் குறையையும் சொல்லிவிடுவதே முறை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் இம்மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. பங்கு இல்லத்து மோட்டார் சைக்கிள் கொட்டகையில் அட்டைப் பெட்டிகளுக்குள் வைக்கோல் சுற்றி, பொம்மைகளைத் தரையோடு தரையாக வைத்திருந்தவன் நான்தான். வெள்ளம் உள்ளே வரவில்லை. தரை மட்டும் சில நாள் கசிந்தது. குடில் கட்டும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தபோது சூசையப்பரின் அங்கி கறுத்திருந்தது. காகிதக்கூழ் கழுதையின் காது கையோடு வந்துவிட்டது. அட்டைப் பெட்டி, வைக்கோல், ஈரத்தரை ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிப் பூசணத்துக்குப் பண்ணை வைத்துக் கொடுத்தவன் பங்குத்தந்தை என்று பிள்ளைகள் சொல்லவில்லை. அது அவர்கள் நற்குணம்.

நம் முன்னோர் இதில் நம்மினும் கவனமாக இருந்தனர். செஞ்சியில் இராஜகிரியின் அடிவாரத்துக் களஞ்சியத்தைப் பார்த்தவர்கள் அதன் தடித்த சுவரையும் வளைவுக் கூரையையும் அறிவார்கள். முற்றுகையில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடக்க நேர்ந்தால் படையின் உயிர் தானியத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்! நம் பாட்டிமார் குதிரைக் கல்லின் மேல் தூக்கித்தான் வைத்தார்கள், வெறுந்தரையில் வைக்கவில்லை. நாம் சிமெண்டை நம்பிக் கல்லை எடுத்துவிட்டோம். மூட்டைகளை அடுக்குவோர் பனஞ்சட்டமோ பழைய மரப்பலகையோ போட்டு, தரைக்கு மேல் ஒரு சாணும் சுவரிலிருந்து ஒரு முழமும் விலக்கி அடுக்கினால், காற்று அடியிலும் பின்னாலும் ஓடும்.

படர்ந்துவிட்ட பூசணத்தை அகற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். வித்துகள் தூசாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் நீர் தெளித்து நனைத்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். இழுப்பு நோயுள்ளவர்களும் குழந்தைகளும் அப்பக்கம் வர வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் அத்துடன் வேறு கழிவறைத் திரவம் எதையும் கலக்கக் கூடாது, நச்சுவாயு எழும். பூச்சு உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, உலர்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பதே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வேர்கொள்ளாது. சுவரும் மூச்சு விடும். இறுக்கமான பெயிண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து, ஓராண்டில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். நனைந்த மெத்தையைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

மணிலா மூட்டைக்கு வருகிறேன். அதில்தான் அந்த அம்மாவுடன் எனக்குச் சற்றே வாக்குவாதம் நேர்ந்தது. மேல் நான்கு மூட்டைகளையும் உடனே களத்தில் கொட்டிக் காயப்போட ஒப்புக்கொண்டார். காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடி மூட்டைகள் இரண்டையும் செக்குக்கு அனுப்பலாம், பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும் என்றார். விலை பேசினால் பல ஆயிரம் ரூபாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆயினும் சொன்னேன்.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு இருப்பது தெரிந்தது. அதற்கு அஃப்லடாக்சின் என்று பெயரிட்டனர். நம் நாட்டிலேயே 1974-இல் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் இறந்தனர். சோளத்தை எறிந்துவிட அவர்களுக்கு வேறு உணவு இல்லை. இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. செக்கெண்ணெயிலும் ஓரளவு இறங்கும்; பிண்ணாக்கில் மிகுதியாகத் தங்கும்; அதைத் தின்ற பசுவின் பால் வழியாகக் குழந்தையின் குவளைக்கும் வந்து சேரும்.

பாலைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மா பேசாமல் நின்றார். பேரப்பிள்ளைகள் அந்தப் பசுவின் பாலைத்தான் குடிக்கிறார்கள். “நீங்க எந்திரம் வச்சிப் பாத்தீங்களா சாமி?” என்று ஒரு முறை கேட்டார். பார்க்கவில்லை என்றேன். கண்ணால் பார்த்து நஞ்சு உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அவரே மண்வெட்டியை எடுத்து வரச் சொன்னார்.

தை பிறந்த பிறகு ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். பாலிதீன் தாளின் அடியில்தான் துளி கோத்திருந்ததாம். வடபுறம் சரிவு கொடுத்து, கூரை நீருக்குக் குழாயும் வைத்துவிட்டார். பெயிண்ட் அடிக்கும் ஆளைத் திருப்பி அனுப்பியாயிற்று. சுவர் இன்னும் உலரவில்லை என்பதால் சுண்ணாம்பைச் சித்திரைக்குத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். விதைத்த நான்கு மூட்டையில் முளைப்பு சுமார்தானாம்.

எங்கள் குடில் பொம்மைகள் இப்போது தகரப் பெட்டியில், பலகையின் மேல் இருக்கின்றன. கழுதைக்கு ஒரு காதுதான்.