பக்கத்து வீட்டில் தீ. உங்கள் பீரோவுக்கு யார் பணம் கொடுப்பார்?

ஆவுடையார்கோவில்,

பக்கத்து வீட்டில் கியாஸ் சிலிண்டர் வெடிக்கிறது. நடுவில் இருப்பது ஒரே சுவர். ஓட்டுக்கு அடியில் ஓடும் மரச்சட்டம் வழியாகத் தீ இந்தப் பக்கம் தாவுகிறது. தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் உங்கள் பீரோ, டி.வி., பிரிட்ஜ், கட்டில், துணிமணி எல்லாம் சாம்பல். தப்பு உங்கள் மேல் இல்லை. பணம் யார் கொடுப்பார்?

"தீ வைத்தவன் கொடுக்கட்டும்" என்பார்கள் பலர். ஆனால் அவன் வீடும் சேர்ந்துதானே எரிந்து நிற்கிறது! அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். ஜெயித்தாலும் வசூல் ஆகணுமே!

சரி, கியாஸ் கம்பெனி இன்சூரன்சு இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. எண்ணெய் கம்பெனிகள் வாடிக்கையாளர்களுக்காக எடுத்து வைத்துள்ள பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் ரூ.2 லட்சம். அதுவும் இணைப்பு பதிவாகியுள்ள முகவரிக்குத்தான். அதாவது வெடித்த வீட்டுக்கு! உயிர்ச்சேதம், காயம் என்றால் வேறு கணக்கு. உங்கள் பீரோ அந்தக் கணக்கில் வராது.

அரசு உதவி? 2022-23 முதல் 2025-26 வரைக்கும் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதியில் தீ விபத்தும் உண்டு. அழிந்த குடிசைக்கு ரூ.8 ஆயிரம், துணிமணிக்கு குடும்பத்துக்கு ரூ.2,500, பாத்திரம் பண்டத்துக்கு இன்னொரு ரூ.2,500. இந்தக் காலத்தில் ரூ.2,500-க்கு ஒரு நல்ல குக்கர் வாங்கலாம்.

ஆக, மிஞ்சுவது சொந்த பாலிசி ஒன்றுதான். அதிலும்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டுக்கு உண்டு, சாமானுக்கு?

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் "பேங்க்கிலேயே இன்சூரன்சு போட்டுட்டாங்க" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கட்டிடத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் சாமான் அனாதை.

2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருக ரக்ஷா" என்ற ஒரே மாதிரி வீட்டு பாலிசி நாடு முழுவதும் அமலில் உள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். கஜா புயலில் 2018 நவம்பரில் அடிபட்ட புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குப் புயலைப் பற்றி சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டிடத்தோடு சாமானும் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம் சாமானுக்குத் தானாகவே கிடைக்கும். உச்சவரம்பு ரூ.10 லட்சம்.

600 சதுர அடி வீடு, அடிக்கு ரூ.2 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் கட்டிடம் ரூ.12 லட்சம். சாமானுக்கு ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். போதுமா? மகளுக்குச் சேர்த்து வைத்த சீர்வரிசை, வாஷிங் மெஷின், மெத்தை, பித்தளைப் பாத்திரம் என்று இன்றைய கடை விலையில் எழுதிக் கூட்டினால் பல வீடுகளில் இந்தத் தொகை பாதி அறைக்குக் காணாது. கூடுதலாக வேண்டும் என்றால் பட்டியல் கொடுத்து தொகையை உயர்த்தலாம். வாடகை வீட்டுக்காரர் சாமானுக்கு மட்டும் தனியாகவும் எடுக்கலாம். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

இந்த ஊர் கோவில் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்கு ஒரு கதை தெரிந்திருக்கும். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" எது கேட்டாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். இன்சூரன்சு கம்பெனியும் அதே ஜாதிதான்! ரொக்கப் பணம், பத்திரங்கள், வண்டி நீங்கலாக என்று பாலிசியில் இருக்கிறது. நகை, வெள்ளிச் சாமான் வேண்டும் என்றால் தனியாக எழுதி, தனி பிரீமியம் கட்ட வேண்டும்.

முன்னால் கடை, பின்னால் வீடு

உண்மையான ஆபத்து இங்கேதான். கடைச் சரக்கு வீட்டுச் சாமான் ஆகாது. ரூ.5 கோடிக்கு உட்பட்ட கடைகளுக்கு "பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா" என்று வேறு பாலிசி.

வீட்டு பாலிசியில் குறைத்து எழுதியிருந்தாலும் அதைக் காட்டி விகிதக் கழிவு போட மாட்டார்கள். எழுதிய தொகை வரைக்கும் நஷ்டத்தைக் கொடுப்பார்கள். கடையில் அப்படி இல்லை. மதிப்பை 15 சதவீதம் வரை குறைத்திருந்தால் விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் கத்தி விழும்.

உதாரணம்: சரக்கு ரூ.10 லட்சம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ரூ.5 லட்சத்துக்கு எழுதியிருக்கிறார் முதலாளி. பக்கத்துக் கடைத் தீயில் ரூ.2 லட்சம் சரக்கு போச்சு. "ஐந்துக்கு உள்ளேதானே, முழுசா வரும்" என்று போய் நிற்பார். கிடைப்பது ரூ.1 லட்சம்! பாதிக்கு எழுதினாய், பாதி வாங்கிக்கொள் என்பது கணக்கு. மற்ற கழிவுகள் தனி.

மதுரையில் 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரப் பக்கம் ஒரு கடையில் பிடித்த தீ, முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளை விழுங்கி, வீரவசந்தராயர் மண்டபத்தையும் சிதைத்தது. எத்தனை கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்!

எரிந்த பிறகு...

கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லணும். தீயணைப்புத் துறை அறிக்கை, போலீஸ் ஸ்டேஷன் புகார் ரசீது இரண்டையும் கையில் வாங்கணும். சர்வேயர் வந்து பார்க்கும் முன்னே குப்பையை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். கருகிய பிரிட்ஜும் சாட்சிதான். பில் எல்லாம் எரிந்துபோகும் என்பதால், அறை அறையாகப் போட்டோ எடுத்து சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கோ, அறந்தாங்கியில் இருக்கும் மாமாவுக்கோ இன்றைக்கே அனுப்பி வைக்கலாம். செல்போனும் சேர்ந்து எரியக்கூடும்.

கம்பெனி மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ, சென்னையில் இன்சூரன்சு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ரூ.50 லட்சம் வரையிலான வழக்கை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.