அடுப்புக்கு மூலை தேடுவோர் கவனத்திற்கு

ரொறன்ரோவின் நெரிசலை விட்டு விலகி ஒன்ராறியோவின் சிறு நகரங்களில் வீடு வாங்கும் எம்மவர்கள் சிலர், வீட்டைச் சூடாக்க விறகடுப்புப் பொருத்துவது பற்றி என்னிடம் விசாரிப்பதுண்டு. எந்த அடுப்பு நல்லது, என்ன விலை என்பவையே அவர்களின் முதற் கேள்விகள். அதனை வீட்டில் எங்கே வைப்பது என்பது கடைசியாகவே வருகிறது. அதுவே முதலில் தீர்க்கப்பட வேண்டிய விடயம் என்பது எனது கருத்து.

விறகடுப்பின் மீதான நாட்டத்தை நான் குறை கூறவில்லை. 1998 ஜனவரியில் கியூபெக்கைத் தாக்கிய உறைமழை, 30 இலட்சத்துக்கும் அதிகமானோரை மின்சாரமின்றித் தவிக்கவிட்டது. சிலருக்கு ஒரு மாதம் கடந்தே மின்சாரம் திரும்பியது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. எரிவாயு இருந்தும் வீடுகள் குளிர்ந்தன. சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் விசிறி மின்சாரத்தால் இயங்குவதே காரணம். அந்நாட்களில் வீட்டினுள் கரி மூட்டியும் ஜெனரேற்றர் இயக்கியும் காபனோரொட்சைட்டு நச்சுக்கு ஆளானவர்கள் உண்டு. ஒழுங்காகப் பொருத்தப்பட்ட விறகடுப்பு இத்தகைய வேளையில் ஓர் உயிர்க்காப்பே.

யாழ்ப்பாணத்தில் அடுப்புக்கு இடம் தேடுவது எமக்குச் சிரமமாக இருந்ததில்லை. தென்கிழக்கு அக்கினி மூலை என்றால் பேச்சு முடிந்தது. பல வீடுகளில் குசினி தனிக் கட்டடமாகவே இருந்தது. ஓட்டு இடுக்கும் கிடுகுக் கூரையும் புகையை வெளியே விட்டன. கனடிய வீடோ குளிருக்காக இறுக மூடப்பட்டது. அங்கே புகைக்கு ஒரே வழி புகைபோக்கி. ஆகவே அடுப்பின் இடத்தைப் புகைபோக்கியே தீர்மானிக்க வேண்டும். திசையோ அறையின் அலங்காரமோ அல்ல.

புகைபோக்கி அடுப்பிலிருந்து நேர் மேலே, வீட்டின் உட்புறமாகவே சென்று, கூரையின் உயரமான பகுதியால் வெளியேறுவது சிறந்தது. வீட்டின் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருப்பதால் புகையை நன்றாக இழுக்கும். வெளிச்சுவரோடு ஏறும் புகைபோக்கி குளிர்ந்துவிடும். புகை அதனுள் ஒடுங்கி, கிரியோசோற் என்னும் எளிதில் தீப்பற்றும் கரும்படிவாக ஒட்டிக்கொள்ளும். புகைபோக்கித் தீவிபத்துகளுக்கு இதுவே மூலம். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி சுற்றளவில் உள்ள எதனையும் விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும்.

எம்மவர்கள் பலரின் முதல் தெரிவு 'பேஸ்மென்ற்'. வெப்பம் மேலெழும், ஆகவே கீழே மூட்டினால் முழு வீடும் சூடாகும் என்கிறார்கள். நடைமுறையில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை நிலக்கீழ்ச் சுவர்களே விழுங்கிவிடுகின்றன. அதைவிடப் பாரதூரமான விடயமும் உண்டு. குளிர்காலத்தில் வெப்பக் காற்று மேல்மாடியால் கசிந்து வெளியேற, கீழ்த்தளத்தில் காற்றழுத்தம் குறைகிறது. நெருப்பு அணையும் வேளையில் வெளிக்காற்று புகைபோக்கி வழியே இறங்கி, தணலின் நச்சு வாயுவை அறைக்குள் தள்ளக்கூடும். எமது சமையலறைகளில் தாளிதப் புகைக்காகப் பூட்டப்படும் வலுவான உறிஞ்சு விசிறி இந்த ஆபத்தை மேலும் கூட்டும். கீழ்த்தளத்தில் உறங்குபவர் யார்? பெரும்பாலும் வாடகைக்கு இருக்கும் மாணவரோ புதிதாக வந்தவரோ. மேலே இருப்பவரின் கணப்புக்காகக் கீழே இருப்பவரின் உயிரைப் பணயம் வைப்பது நியாயமன்று.

எனவே குடும்பம் அதிக நேரம் கூடியிருக்கும் அறையே, வீட்டின் நடுவை அண்டியதாயின், அடுப்புக்கு உரிய இடம். மேல்மாடி அறையொன்றில் புகைபோக்கிக்காக ஒரு மூலையை இழக்க நேரும். அந்த இழப்பு பெரிதல்ல. படுக்கையறையையும் நடைபாதையையும் தவிர்ப்பது நலம். சான்றிதழ் பெற்ற அடுப்பின் பின்புறத் தகட்டில், சுவரிலிருந்து விடவேண்டிய இடைவெளி குறிக்கப்பட்டிருக்கும். தகடில்லாத பழைய அடுப்புக்குக் கனடிய விதிப்படி, வெப்பத் தடுப்பு இல்லாவிடின், 48 அங்குலம் தேவை. அடுப்பின் கீழ் விரிக்கும் எரியாத தளம் கதவுப் பக்கம் 18 அங்குலமும் ஏனைய பக்கங்களில் 8 அங்குலமும் நீண்டிருக்க வேண்டும். இத்தனை இடத்தையும் விட மனமில்லாதவர் அடுப்பு வாங்காதிருப்பதே மேல்.

வாங்குமுன் உள்ளூர்ச் சட்டத்தையும் பாருங்கள். மொன்றியலில் 2018 ஒக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகடுப்புகளை எரிக்க முடியாது. மின்தடை 3 மணி நேரத்தைத் தாண்டினால் மட்டுமே விலக்கு. அயலவரின் சுவாசத்தையும் கருதிய சட்டம் அது. ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் வழமையாக 'வெட்' தகைமை பெற்றவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்கின்றன.

அந்தப் பரிசோதகரை அடுப்பு வந்த பின்னர் அழைப்பதே வழக்கமாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னரே அவரை அழைத்து, வீட்டைச் சுற்றிக் காட்டி, புகைபோக்கி எவ்வழியே போகலாம் என்று கேளுங்கள். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியை, கீழ்த்தளம் உட்பட, எவர் உறங்கும் இடத்திலும் பொருத்துங்கள். அடுப்பின் நிறத்தைப் பிறகு தெரிவு செய்யலாம்.