கடற்படை வீரர் சட்ட அதிகாரியாகும் வழி எழுத்தில் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் ஆகிய மாவட்டங்களின் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழிகாட்டும் அமைப்பு எங்களுடையது. எஸ்.பி.எம். முடித்தவர்களிடம், அரச மலேசியக் கடற்படையில் சேர்வதையும் எண்ணிப் பாருங்கள் என்று சொல்லி வருகிறோம். அப்போதெல்லாம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சாதாரண வீரனாகச் சேர்ந்தால் கடைசிவரை அப்படியேதானா? படித்து மேலே வர வழி உண்டா?" சட்டம் படிக்க ஆசைப்பட்டு, குடும்பச் சூழலால் சீருடை போட்ட பிள்ளைகள் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்கள்: "லஸ்காராக, அதாவது கடற்படையின் கீழ்நிலை வீரராக இருக்கும் நான் கடற்படையின் சட்ட அதிகாரி ஆக முடியுமா?"

எங்கள் நிலைப்பாடு இது. கடற்படையின் கீழ்நிலை வீரர் எவரும், தகுதி இருந்தால், பணியில் இருந்தபடியே சட்டம் படித்துச் சட்ட அதிகாரியாக உயர்வதற்கான வழியைத் தற்காப்பு அமைச்சு வகுத்து, அதை எழுத்தில் வெளியிட வேண்டும். இன்று ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால் அது அவருடைய சொந்தப் பிடிவாதத்தால் வந்ததாக இருக்கும். பிடிவாதத்தைப் பாராட்டலாம், அதை நம்பி ஒரு தலைமுறையை அனுப்ப முடியாது.

ஏன் இந்தக் கோரிக்கை எங்களிடமிருந்து

எங்கள் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு துரையின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. காட்டை வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்த தமிழர்களின் பெயர்கள் நிற்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இன்று பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் தஞ்சோங் காராங்கிலும் வாழ்கிறார்கள்.

சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். உலு சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் பாட்டாளிகள் தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வீடுகளுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். அதற்கு வெகு முன்பே, 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது, லயத்தில் பிறந்தவர்கள் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து லயத்துக்காகப் பேசத் தொடங்கினார்கள். தோட்டத்தின் நிலைமையை மாற்றியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதே நியாயத்தைத்தான் கடற்படையிடமும் கேட்கிறோம்.

இந்தியர்கள் படைகளில் மிகக் குறைவாகச் சேர்கிறார்கள் என்ற ஆதங்கம் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. இருந்தும், 1967-இலேயே அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம் என்ற தமிழர். அப்போது அவருக்கு வயது 31. ஆனால் அவர் அதிகாரிப் பயிற்சி மாணவராகப் படைக்குள் வந்தவர். தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வாசல் வேறு. எஸ்.பி.எம். சான்றிதழோடு வீரராகச் சேரும் வாசல் அது. அந்த வாசலில் நுழைந்தவருக்கு மேலே போகும் படிகள் கண்ணுக்குத் தெரியாதவரை, "சேருங்கள்" என்று நாங்கள் சொல்வது பாதி உண்மையாகவே இருக்கும்.

கட்டளை அதிகாரியின் மேசை முன்

தீபாவளி விடுப்பு முடிந்து லூமுட் தளத்துக்குத் திரும்ப வேண்டிய ஓர் இளம் வீரரை எண்ணிப் பாருங்கள். தஞ்சோங் காராங்கில் பேருந்தைத் தவற விடுகிறார். மறுநாள்தான் தளம் சேர்கிறார். வீட்டில் இதற்குப் பெயர் தாமதம். படையில் இது அனுமதியின்றி வராமை என்ற குற்றம். தொப்பியைக் கழற்றி, கட்டளை அதிகாரியின் மேசை முன் நிமிர்ந்து நிற்க வேண்டும். குற்றச்சாட்டு வாசிக்கப்படும். 1972-ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் சிறு குற்றங்களை அதிகாரியே சுருக்கமாக விசாரித்து முடிக்க இடமளிக்கிறது. சில வழக்குகளில், அவருடைய முடிவை ஏற்பதா, இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கும்படி கேட்பதா என்று வீரரே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளை, உயரதிகாரி முன் நின்றுகொண்டு, அந்தத் தேர்வின் விளைவுகளைச் சில நிமிடங்களில் எடைபோட வேண்டும்.

அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியவர் சட்டம் அறிந்த ஒருவர். அவர் ஒரு காலத்தில் தானும் கப்பலின் கீழ்த்தளத்தில் படுத்து உறங்கி, இரவுக் காவல் நின்று, சம்பளச் சீட்டைப் பார்த்துக் கவலைப்பட்டவராக இருந்தால், வீரர் வாய் திறந்து பேசுவார். சொல்லாமல் விட்ட காரணத்தையும் அவர் கேட்டு வாங்குவார். வீரர் சும்மா சாக்குச் சொன்னால் அதையும் உடனே கண்டுகொள்வார். அத்தகைய சட்ட அதிகாரியால் வீரரின் எதிர்வாதமும் வலுப்படும், படையின் ஒழுங்கும் வலுப்படும்.

கீழ்நிலையின் குரல் மேலே போகாத கடற்படைக்கு என்ன நேரும் என்பதை 1946 பிப்ரவரியில் பம்பாய் காட்டியது. தல்வார் தளத்தில் மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் ஏச்சையும் பற்றிய புகார்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவை இந்தியக் கடற்படை முழுவதும் பரவிய கிளர்ச்சியாக வெடித்தன. நம் நாட்டில், 2018-இல் லூமுட் தளத்தில் பயிற்சியின்போது உயிரிழந்த இந்திய இளைஞர் ஒருவரின் குடும்பம், நடந்தது என்ன என்று அறியப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியது. படைக்கு உள்ளேயே நம்பிக்கைக்குரிய சட்ட ஆள் இருப்பது வீரருக்கும் குடும்பத்துக்கும் படைக்கும் நன்மை.

இன்று இருக்கும் பாதை

வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்தப் பதவியில் இருந்தார் என்று கேட்பதில்லை. படிப்பைக் கேட்கிறது. மலாயா பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுச் சட்டப் பட்டம் ஒரு வழி. லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பட்டம் போன்ற ஏற்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டம் பெற்று, பிறகு சட்டத் தொழில் தகுதி வாரியம் நடத்தும் சி.எல்.பி. தேர்வில் தேறுவது இன்னொரு வழி. பணியில் இருப்பவருக்கு நடைமுறையில் கைகூடுவது இரண்டாவதுதான், கடினமானதும் அதுவே.

நீதிமன்றத்தில் வழக்காட வேண்டுமானால், பட்டத்துக்குப் பின் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அந்தக் காலத்தில் பொதுவாக வேறு வேலை பார்க்கக் கூடாது. ஆகவே சீருடையில் இருந்துகொண்டே இந்தக் கட்டத்தைக் கடக்க முடியாது. படைக்குள் சட்ட அதிகாரியாக இருப்பது வேறு, வெளியே வழக்கறிஞராகத் தொழில் நடத்துவது வேறு என்பதைப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டம் பெற்றுவிட்டாலும் லஸ்கார் தானாக லெப்டினன்ட் ஆகிவிடுவதில்லை. அதிகாரி நியமனத்துக்கு வயது, உடல்தகுதி, காலியிடம், மேலதிகாரியின் பரிந்துரை எல்லாம் கூடி வர வேண்டும். ஆறேழு ஆண்டு இரவில் விழித்துப் படித்தவர், முடிவில் வயது கடந்துவிட்டது என்று கேட்க நேர்ந்தால் அது அவருக்கும் இழப்பு, நாட்டுக்கும் இழப்பு.

மற்ற நாடுகள் செய்திருப்பது

அமெரிக்கக் கடற்படை, பணியில் இருக்கும் சாதாரண வீரர்களிலிருந்து ஆளெடுத்துச் சட்டக் கல்லூரி வழியாக வழக்கறிஞர் அதிகாரியாக்கும் திட்டத்தையே தனியாக வைத்திருக்கிறது. சட்ட அலுவலகங்களில் அதிகாரிகளுக்கு உதவும் வீரர்களுக்கென்று தனித் தொழிற்பிரிவும் அங்கே உண்டு. பிரிட்டிஷ் அரச கடற்படை, தன் அதிகாரிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து வழக்கறிஞர்களாகப் பயிற்றுவிக்கிறது. அங்கே சாதாரண வீரர் அதிகாரியாக உயரும் வழியும் நெடுநாளாகத் திறந்திருக்கிறது. இந்தியக் கடற்படை சட்டப் பிரிவுக்கு நேரடியாகச் சட்டப் பட்டதாரிகளை எடுக்கிறது. ஆனாலும் தகுதியுள்ள வீரர்களை அதிகாரிகளாக்கும் திட்டம் அங்கேயும் உண்டு. நமது கடற்படை பிரிட்டிஷ் மரபில் வளர்ந்தது. இந்த ஏற்பாடு அதற்கு அந்நியமாக இருக்க வேண்டிய காரணமில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

தரம் குறையும் என்பார்கள். நாங்கள் எந்தத் தேர்விலும் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. அதே பட்டம், அதே தேர்வு, அதே அதிகாரிப் பயிற்சி. கேட்பது நேரமும் வாய்ப்பும் மட்டுமே.

பயிற்சி பெற்ற வீரரை இழந்து, படிக்க வைத்துச் செலவும் செய்தால், அவர் வெளியே போய்விடுவார் என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. படித்த காலத்துக்கு ஈடாகக் கட்டாயச் சேவை என்று பிணைப் பத்திரம் எழுதிக்கொள்ளட்டும். அரசாங்க உபகாரச் சம்பளங்களில் இது பழகிய நடைமுறைதான்.

இது இந்தியருக்குச் சலுகை கேட்பது என்றும் சொல்லக்கூடும். இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 136-ஆவது விதி, கூட்டரசின் சேவையில் ஒரே நிலையில் இருப்போரை இனம் பாராமல் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. எங்கள் கோரிக்கை எல்லா இனக் கீழ்நிலை வீரர்களுக்குமானது. சிகிஞ்சான் மீனவர் மகனுக்கும், சபாக் பெர்ணம் நெல் விவசாயி மகளுக்கும், ஈஜோக் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே படி.

தற்காப்பு அமைச்சிடம் எங்கள் கோரிக்கைகள்

ஒன்று: கீழ்நிலை வீரர் சட்ட அதிகாரியாவதற்கான தகுதி, வயது வரம்பு, சேவைக்காலம், பிணைக்காலம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, ஆள்சேர்ப்பு மையங்களிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.

இரண்டு: ஆண்டுதோறும் குறைந்த எண்ணிக்கையிலாவது வீரர்களை முழுச் சம்பளத்தோடு சட்டப் படிப்புக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று: சொந்தச் செலவில் தொலைக்கல்வியில் சட்டம் படிப்பவருக்குத் தேர்வு விடுப்பும், தேர்வுக் காலத்தில் கரைப் பணியும் உறுதி செய்ய வேண்டும். நடுக்கடலில் இருப்பவர் தேர்வு மண்டபத்துக்கு வர முடியாது.

நான்கு: சட்ட அலுவலகப் பணியை வீரர்களுக்கான ஒரு தொழிற்பிரிவாக்க வேண்டும். சட்டத்தோடு அன்றாடம் புழங்குபவரே அதைப் படிக்கத் துணிவார்.

ஐந்து: 21 ஆண்டுச் சேவை முடித்து ஓய்வூதியத்தோடு வெளிவரும் வீரர் பலருக்கு அப்போது நாற்பது வயதுதான். சுங்கை பூலோவில் இயங்கும் முன்னாள் படைவீரர் கழகமான பெர்ஹெபாட், தொழிற்பயிற்சிகளோடு சட்டப் படிப்புக்கான ஆயத்த வகுப்பையும் நடத்த வேண்டும்.

ஆறு: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

அமைச்சு முடிவெடுக்கும்வரை கை கட்டிக் காத்திருக்க வேண்டாம். எஸ்.பி.எம். மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் வாங்குங்கள். அது இல்லாமல் சட்டத் தொழிலில் நுழைவது பெரும்பாடு. முடிந்தால் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் படையில் சேருங்கள். பின்னாளில் சட்டப் படிப்புக்கு அது கை கொடுக்கும். வேலை அனுபவத்தைக் காட்டிப் பட்டப் படிப்பில் சேர்க்கிறோம் என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால், கட்டணம் கட்டுமுன் அந்தத் தகுதியைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்குமா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்க வேண்டாம்.

படையில் இருக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் படிப்புத் திட்டங்களையும் சரிபார்த்துத் தரும் பொறுப்பை எங்கள் அமைப்பு ஏற்கிறது. சட்டத் துறையில் உயர்ந்துள்ள நம்மவர்கள், வார இறுதியில் ஒரு சில மணி நேரமாவது இந்தப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தச் சட்டமும் குற்றவியல் சட்டமும் சொல்லித் தர முன்வர வேண்டும். எங்கள் மூன்று மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த ஆறு கோரிக்கைகளையும் அவையில் எழுப்பி, தற்காப்பு அமைச்சிடமிருந்து எழுத்துபூர்வமான பதிலைப் பெற்றுத் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.