பள்ளியும் வீட்டு வரியும்

எல்லோர்க்கும் ஒரே சட்டம் வகுத்துவிட்டால் நீதி தானே நிலைபெறும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டதென்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பொதுப்பள்ளிகளின் வரலாறு காட்டுகின்றது. அந்நாட்டிற் பள்ளிகளுக்குரிய பணத்திற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதி இன்றும் உள்ளூர் வரிகளினின்றே, அதிலும் பெரும்பாலும் வீடு நில வரியினின்றே, திரட்டப்படுகின்றது.

டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என இரு பள்ளி வட்டங்கள் உள. முன்னதில் வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்ஸிகோ மரபினரான உழைப்பாளிகள். பின்னது செல்வர் உறைவிடம். 1967-68ஆம் ஆண்டில் நூறு டாலர் மதிப்புள்ள சொத்திற்கு எட்ஜ்வுட் மக்கள் 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியதோ 85 சென்ட். ஆயினும், மாகாண நிதிக்குரிய பங்கு போக, அவ்வரியால் மாணவன் ஒருவனுக்குக் கிடைத்த தொகை முன்னதில் 26 டாலர். பின்னதில் 333 டாலர்! பிற அரசாங்க உதவிகள் சேர்ந்த பின்னரும் அவை முறையே 356, 594 டாலர்களாகவே நின்றன. வறியார் மிகுதியாய் ஈந்து குறைவாய்ப் பெற்றனர். அவர்தம் குடில்களின் விலை அத்துணைச் சிறிதாயிருந்ததே காரணம்.

1968ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்ஜ்வுட் மாணவர், தகுதியுடைய ஆசிரியரையும் செப்பமான கட்டிடத்தையும் வேண்டி, வகுப்பைவிட்டு வெளிப்போந்தனர். பின்னர் டெமெட்ரியோ ராட்ரிகெஸ் முதலிய பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973இல் நாட்டின் உயர்நீதிமன்றத்து நடுவருள் ஐவர் அவர்க்கு எதிராகவும், நால்வர் மாறாகவும் தீர்ப்பளித்தனர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் பழமொழி கடல் கடந்தும் மெய்யாயிற்று.

உள்ளூராரே தம் பள்ளியை நடத்தும் உரிமை காக்கப்படல் வேண்டுமென்பது அத்தீர்ப்பின் ஒரு காரணம். அவ்வுரிமையை யாமும் போற்றுகின்றோம். ஆனால், கைப்பொருள் இல்லாதானுக்குக் கடைவீதியில் எதையும் வாங்கும் உரிமை உண்டென்று கூறுதலால் யாது பயன்? எட்ஜ்வுட் மக்கள் உயர்ந்த வரியையே விரும்பி ஏற்றனர். எனினும் நல்ல பள்ளியைப் பெற்றிலர்.

1989இல் டெக்ஸாஸ் மாகாண உயர்நீதிமன்றம், அம்மாகாண அரசியற் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, அம்முறை தகாதென ஒருமனதாய்த் தீர்த்தது. 1993இற் பிறந்த சட்டம், செல்வ வட்டங்களின் மிகை வருவாயில் ஒரு பகுதியைப் பிற வட்டங்களுக்கும் பயன்படச் செய்தது. செல்வரிடம் பறித்து வறியார்க்கு ஈந்த கதைத் தலைவன் ராபின் ஹூட்டின் பெயரால் அதனைச் சிலர் இகழ்ந்தனர். யாம் அதனைப் பறிப்பென்று கொள்ளோம். ஒரு நகரின் செல்வம் அந்நகரார் அனைவரின் உழைப்பினாலும் வளர்வது. வட்டத்தின் எல்லையோ மனிதர் வரைந்த கோடு. அக்கோட்டின் எப்புறத்திற் பிறத்தல் வேண்டுமென்று எக்குழந்தையும் தேர்ந்து பிறப்பதில்லை.

வரியை ஊர் திரட்டுக. பள்ளியை ஊர் ஆள்க. ஆனால், சிறாரின் கல்விக்குரிய பொருளை நாடு முழுதும் ஒரு குடும்பமெனக் கருதிப் பங்கிடுதலே அறமாம். கற்கும் பேறு பெற்ற மாணவராகிய நாம் இதனைச் சிந்தித்தல் கடனன்றோ?