திறக்காத கணிப்பொறியை அழிக்கத்தான் வேண்டுமா?

கணிப்பொறி திறக்கவில்லை என்றால் "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்பது நம் தருமபுரியில் மட்டுமல்ல, எங்கும் வழக்கமாகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை.

2024 ஆகஸ்டு 13-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதன்பின், விண்டோஸோடு லினக்ஸையும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் திறக்கவில்லை. ஏதோ பெருந்தவறு என்ற வாசகம் தோன்றிப் பெட்டி அணைந்தது. காரணம் என்ன? இயங்குதளத்தை எழுப்பிவிடும் சிறு நிரலே பூட்லோடர். ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களை உள்ளே விடாதபடி அந்தப் புதுப்பிப்பு ஒரு தடையை எழுதி வைத்தது. இரண்டு இயங்குதளம் உள்ள பெட்டிகளை இது தொடாது என்றுதான் நிறுவனம் சொல்லியிருந்தது! வாயிற்காவலன் வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திய கதை.

கோப்புகளோ உள்ளே பத்திரமாக இருந்தன. 'செக்யூர் பூட்' என்னும் காவலைச் சற்று நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, ஒரே கட்டளையால் தடையை நீக்கி, காவலைத் திரும்பப் போட்டால் போதும். அவசரப்பட்டு அழித்தவர்களுக்குப் படங்களும் பாடக் குறிப்புகளும் வீணாகப் போயிருக்கும். நிறுவனம் இதைச் சரிசெய்ததோ 2025 மே மாதத்தில்!

இது வெளிநாட்டார் கவலை அன்று. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. உதிரிப் பாகம் வாங்கிப் பெட்டி கட்டும் அண்ணன்மார் இவற்றைக் கற்கிறார்கள். நாமோ பாகங்களின் பெயரை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். பழைய பெட்டி ஒன்றை ஒதுக்கி, இப்பயிற்சிக்கு வாரம் ஒரு பாடவேளை தரும்படி மதிப்பிற்குரிய அருட்சகோதரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.