தாதியர் மாணவரும் உறக்கமும்

எம் பழைய மாணவர் சிலருடைய பிள்ளைகள் இன்று தாதியர் பயிற்சி பெறுகின்றனர். அவர்களைப்பற்றிப் பெற்றோர் கூறும் முறைப்பாடு ஒன்றே: இரவெல்லாம் கைத்தொலைபேசியே கதி.

முறைப்பாடு பொய்யன்று. ஒளிரும் திரையை நள்ளிரவில் நோக்கியிருப்பார்க்கு, உறக்கத்திற்கு உடலை ஆயத்தஞ்செய்யும் மெலற்றோனின் சுரத்தல் தாமதமாகின்றது. உறக்கங் குறையவே பதற்றமும் மனச்சோர்வும் மிகும். சோர்ந்த மனம் மீண்டும் இணையத்தையே நாடும். எது முந்தியது, எது பிந்தியது எனப் பிரித்தறிதல் மருத்துவர்க்கும் அரிது.

ஆயினும் பழி முழுவதையும் கருவியின்மேற் சுமத்துதல் நீதியாமோ? பகலில் விரிவுரை, இரவில் நோயாளர் விடுதிக் கடமை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலந்தொட்டுப் பாடக்குறிப்பும் அக்கருவி வழியே வருகின்றது. (பாடக்குறிப்பை அனுப்புவோரும் நாமே, கருவியைக் கடிவோரும் நாமே!) தோழரோடு அளவளாவ எஞ்சுவது நள்ளிரவு ஒன்றே.

இஃது அம்மாணவரோடு முடியுங் காரியமன்று. மருந்தளவைக் கணிக்கையில் ஒரு தசமப்புள்ளி இடம்மாறின் மருந்து பத்து மடங்காகும். உறங்காக் கண் அப்புள்ளியைக் காணாது.

கருவியைப் பறித்தல் சிறுபிள்ளை வைத்தியம். இரவுக்கடமை முடித்தவரை அன்று காலை விரிவுரைக்கு அழையாதிருக்குமாறு நேரசூசியைத் திருத்துக என்பதே எமது முதல் வேண்டுகோள். அதன்பின், படுக்கையறைக்கு வெளியே கருவியை வைத்துவிட்டு உறங்குமாறு பணிக்கும் உரிமை பொறுப்பாளர்க்கு உண்டு.